செதில்

கிழமை நாளில் மீன்சந்தை என்னிடம்
கண்ணாடியின் அடித்துவாரத்தால் வரும்.
நாலாய் மடிந்த ஐந்நூறு, ஈரம் காயாத ஆயிரம்,
ஒரு நூறின் மூலையில்
ஒட்டிப்போன செதில்.
எண்ணும் இயந்திரம் அதில் இடறி நிற்கும்.
நகத்தால் சுரண்டிவிட்டு
"அடுத்த ஆள்" என்பேன்.

ஜவ்பர் என்று சீட்டில் ஒரு கையொப்பம் வரும்,
வாரத்துக்கு ஒரு வடிவில்.
மாதிரியோடு ஒத்துப்போகவில்லை என்று
இரண்டு தரம் திருப்பி அனுப்பினேன்.
தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

இன்று சனி.
இரண்டு பக்கமும் கடல் உள்ள ஊரில்
காலைக் காற்றுக்கு எந்தத் திசையும் ஒன்றுதான்,
மீன் மணக்கும்.
சீமெந்து மேடையில் சூடைமீன் குவியல்
இப்போதுதான் அச்சடித்து வந்த சில்லறை போல.
கணவாய் தன் மையைத்
தராசின் தட்டில் முத்திரையாய்க் குத்தியிருக்கிறது.
"எண்ணூறு! அட்டசீயாய்! எயிட் ஹண்ட்ரட்!"
ஒரே மூச்சில் மூன்று மொழி.
மூன்றிலும் விலை குறையவில்லை.
கமராவோடு வந்த வெள்ளைக்காரி
திருக்கையின் வாலைப் படமெடுக்கக் குனிய
ஐஸ் பெட்டி தூக்கிய பையன்
"வழி, வழி, வழி" என்று அவளைக் கடந்தான்,
அவள் சப்பாத்தில் பாதி ஐஸ்.

பாரை வாங்கத்தான் வந்தேன்.
"மிஸ், லைன்ல வாங்க"
என்றது தெரிந்த குரல்.
கண்ணாடி இல்லாமல் ஜவ்பர்
இவ்வளவு உயரமென்று எனக்குத் தெரியாது.
மேடைக்குப் பின்னால் நின்று சிரித்தார்.
எனக்கு முன்னால் ஐந்து பேர்.
நின்றேன்.

என் முறை வந்தபோது
ஆயிரத்தை வாங்கி வெயிலுக்கு நேரே பிடித்தார்,
நான் பிடிப்பதைப் போலவே, கண்ணைச் சுருக்கி.
"நோட்டு சரி. ஒரு கையெழுத்து போடுங்க."
சனம் பார்த்தது.
மீன்தண்ணீர் நின்ற மேடையில்
விரலால் என் பெயரை எழுதினேன்.
எட்டிப் பார்த்தார்.
"பேங்க்ல போடுற மாதிரி இல்லையே, மிஸ்"
என்றார்.
பக்கத்துக் கத்திக்காரன் சுனேத்துக்குத்
தமிழ் எவ்வளவு விளங்கியதோ,
பெரிதாய்ச் சிரித்தது அவன்தான்.

பிறகு பாரையை வெட்டத் தொடங்கினார்.
அப்போதுதான் அந்தக் கையை முழுதாய்க் கண்டேன்.
கட்டைவிரலில் சேலைக்கரைத் துணி,
சுட்டுவிரலில் முள் ஏறி வீங்கிய இடம்,
உப்பில் வெளுத்த பழைய வெட்டுகள்,
மேலே புதியது ஒன்று.
பேனையை எந்த விரலால் பிடிக்கிறார்
என்று கேட்க வாய் வந்தது.
"துண்டு பெருசா, சின்னனா?"
"சின்னன்" என்றேன்.

பையைக் கட்டும்போது
ஒரு கைப்பிடி சூடையை அள்ளி உள்ளே போட்டார்.
காசு நீட்டினேன், பார்க்கவில்லை,
அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

மரக்கறிப் பக்கம்
புவனலோஜினியிடம் வல்லாரை வாங்கி,
தயிர்முட்டியைத் தட்டித் தட்டி
விலை பேசிக்கொண்டிருக்க,
கோட்டைப் பக்கமிருந்து வந்த புள்ளிமான்
பின்னால் நின்று என் பைக்குள் தலைவிட்டு
வல்லாரையைத் தண்டோடு தின்று முடித்தது.
"அதுக்கும் இங்க கணக்கு இருக்கு அக்கா"
என்றாள் புவனலோஜினி,
ஆனால் இரண்டாவது கட்டுக்கும்
என்னிடம்தான் காசு வாங்கினாள்.

வாடிக்கையாளரிடம்
அன்பளிப்பு எதுவும் பெறக்கூடாது:
எங்கள் கிளையில் சுற்றறிக்கை ஒட்டியிருக்கிறது,
நான்தான் ஒட்டினேன்.
சூடைக்கு அது பொருந்துமா தெரியவில்லை.
திங்கட்கிழமை அவர் சீட்டை நீட்டுவார்,
கையொப்பம் இன்னொரு வடிவில் இருக்கும்,
மேலாளர் என் தோளுக்கு மேலால் பார்ப்பார்.
என்ன சொல்வது?
மஞ்சளும் மிளகாயும் பிரட்டி
எண்ணெயில் போட்டேன்.
ஒரு பக்கம் பொரிந்துவிட்டது.
இனித் திருப்பிப் போட வேண்டும்.