பேய்கள் தொடமாட்டா

நுழைவாயிலில் கையெழுத்து வாங்கினார்கள்.
இதயக் கோளாறு இல்லை, கர்ப்பம் இல்லை,
வேர் தடுக்கி விழுந்தால் பண்ணைக்காரர் பொறுப்பில்லை.
தலைக்கு நூற்று எண்பது ராண்ட்.
கடைசி விதி சிவப்பு மையில்:
பேய்கள் உங்களைத் தொடமாட்டா.
நீங்களும் பேய்களைத் தொடக் கூடாது.

இரண்டு தடவை படித்தேன்.
இந்த நாட்டில் இப்படியொரு உறுதியை
எனக்கு யாரும் எழுதித் தந்ததில்லை.

டொங்காட்டைத் தாண்டி, கரும்புக்கு நடுவே
ஒரு தைலமரத் தோப்பு.
தீபாவளி போய் இரண்டு வாரம் ஆகவில்லை;
யுகேஷ்ணியின் காரில் இன்னும்
மீந்த மத்தாப்புப் பெட்டி உருள்கிறது.
"வா, சும்மா சிரிச்சிட்டு வரலாம்" என்றாள்.
ஜூனுக்குப் பிறகு, இருட்டியபின்
நான் வெளியே வருவது இதுதான் முதல் தடவை.
அவளுக்குத் தெரியும். சொல்லவில்லை.
நானும் சொல்லவில்லை.

பூசணி கிடைக்கவில்லை போலும்,
தர்பூசணியைக் குடைந்து பல் வைத்திருந்தார்கள்.
சிவப்பாகச் சிரித்தது. எறும்பு மொய்த்திருந்தது.
அட்டை எலும்புக்கூட்டின் விலாவுக்குள்
ஒரு மின்மினி போய்ப் போய் வந்தது.

சங்கிலி கழற்றிய ரம்பத்தை உறுமவிட்டு
புதரிலிருந்து பாய்ந்தான் ஒருவன்.
யுகேஷ்ணி வீரிட்டாள்.
அவள் கணவன் தேஷன், ஆறடி ஆள்,
அவள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தான்.
முன்னே போன பையன்களிடம்
அலறல் எது சிரிப்பு எது
பிரிக்க முடியவில்லை.

எனக்கு மட்டும் தொண்டை திறக்கவில்லை.
நான் ஷூக்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
முகம் ஞாபகம் இருக்கிறதா என்று
ஜூனில் போலீஸ்காரர் கேட்டார்.
தலையைத் தரையோடு அழுத்தியவர்களின்
முகம் எப்படித் தெரியும்?
ஷூ தெரியும் என்றேன்.
அவர் அதை எழுதிக்கொள்ளவில்லை.

ரம்பக்காரனுக்கு ரப்பர் பூட்ஸ்.
தொங்கும் மணப்பெண்ணுக்கு வெறுங்கால்.
சவத்துணி போர்த்த ஒன்றுக்கு
பள்ளிக்கூடத்துக் கறுப்பு ஷூ,
ஒரு லேஸ் அவிழ்ந்து.

அப்போது ஜெனரேட்டர் நின்றது.

ஒலிப்பெருக்கியின் ஓநாய் பாதி ஊளையில் செத்தது.
எல்லோரும் இதுவும் ஆட்டத்தில் சேர்த்தி என்று
கொஞ்ச நேரம் கத்திப் பார்த்தார்கள்.
பிறகு யாரும் கத்தவில்லை.
கரும்பு மட்டும் உரசிக்கொண்டது.

மரத்துக்கு மரம் பேய்கள்
கைபேசி வெளிச்சத்தோடு இறங்கி வந்தன.
சவத்துணி முகமூடியைக் கழற்றியது:
வியர்த்த ஒரு பெண், பெயர் ஹ்லெங்கிவே.
திங்கட்கிழமை இயற்பியல் தேர்வாம்.
"பயந்துட்டீங்களா ஆன்ட்டி?"
"இல்லை."
"மன்னிச்சுக்கோங்க" என்றாள்,
அது தன் குறைதான் என்பதுபோல.

முன்னே ஒரு வாய்க்கால்.
கை நீட்டியவள் பாதியில் இழுத்துக்கொண்டாள்.
"தொடக் கூடாது, விதி இருக்கு."
நானே பிடித்துத் தாண்டினேன்.
உள்ளங்கையில் சாயம் ஒட்டிக்கொண்டது.
"லேஸைக் கட்டு" என்றேன்.
சொல்ல வேறொன்றும் தோன்றவில்லை.

திரும்பும்போது மணி பதினொன்றரை.
இங்கே சிக்னலுக்கு ரோபோ என்று பெயர்.
இந்நேரத்தில் சிவப்பு ரோபோவுக்கு
யாரும் நிற்பதில்லை; நாங்களும் நிற்கவில்லை.

என்னை இறக்கிவிட்டு, நான் உள்ளே போகும்வரை
காரை அணைக்காமல் காத்திருந்தாள் யுகேஷ்ணி.
என் இரும்புக் கதவு நகர்ந்து திறக்கப்
பதினான்கு நொடி.
ஜூனிலிருந்து எண்ணிவருகிறேன்.
ஒன்பதாவது நொடியில்
பக்கத்து வீட்டு மாமரத்தில் ஒரு ஹடீடா,
கனவு கண்டதோ என்னவோ,
துருப்பிடித்த கீல்போலக் கத்திற்று.

நானும் கத்தினேன்.
நூற்று எண்பது ராண்டுக்கும்
ஜூனுக்கும் சேர்த்துக் கத்தினேன்.
தெரு நாயெல்லாம் எழுந்தது.
மூட்லி வீட்டு விளக்கு எரிந்தது.
காவல் நிறுவனத்து வண்டி வந்து
கண்ணாடியை இறக்கி, என்ன ஆச்சு என்றது.

பறவை, என்றேன்.

திறந்த கதவு
தானாகவே மூடத் தொடங்கியிருந்தது.
நான் இன்னும் தெருவில் நின்று
சாயம் பட்ட கையால் வாயைப் பொத்திச்
சிரித்துக்கொண்டிருந்தேன்.