வளையம் போட்ட மீன்

கொளத்தூரில் கடைகள் திறக்கும் முன்பே
ஷட்டரைத் தட்டினார் எத்திராஜ்.
கையில் பெயிண்ட் வாளி, மேலே ஈரத்துண்டு.
ராயபுரத்திலிருந்து ஷேர் ஆட்டோவில்
மடியில் வைத்தே வந்திருக்கிறார்,
பாதித் தண்ணீர் பேண்ட்டில்.

"இது என் மீன் இல்லம்மா.
நான் வாங்கினது நீலம்,
உள்ள வெள்ள வெள்ளையா வளையம்,
கொளத்துல கல்லு போட்ட மாதிரி.
கப்பல்லேருந்து வர்றதுக்குள்ள
எவனோ மாத்திட்டான்."

எவனோ என்றால் தயாளன்.
மனைவியின் தம்பி.
ஒன்றே முக்கால் வருஷமாய்
வீட்டுச் சாவி அவனிடம்தான்.
"திருட்டு நாயேன்னு சொல்லிட்டேன்,
தெருவுல வெச்சு."

துண்டை விலக்கினேன்.
தலை தொடங்கி வால்வரை மஞ்சள் கோடுகள்.
கண்மேல் ஒரு கறுப்புப் பட்டை,
திருட வந்தவன் கட்டிய துணிபோல.

அதேதான் சார், இதுவும் ஏஞ்சல்தான், என்றேன்.
பெரிசானா வளையம் அழியும், கோடு வரும்.
நம்பவில்லை.
நாற்பது ரூபாய் டார்ச்சை
வாளிக்குள் பிடித்தேன்.
வால் ஓரம், அழிய மறந்த
அரை வளையம்.

அவர் குனிந்தவர் நிமிரவில்லை.

எனக்குத் தயாளனைத் தெரியும்.
கடலுக்கு எட்டுக் கிலோமீட்டரில் இருந்துகொண்டு
உப்பை பாக்கெட்டில் வாங்கிப் போனவன்.
புயலில் கரண்ட் போன மூன்று ராத்திரியும்
சொம்பால் மொண்டு மொண்டு
உயரத்திலிருந்து ஊற்றினானாம்,
மீனுக்கு மூச்சு வேண்டுமே என்று.
மணிக்கட்டில் கட்டுப் போட்டு வந்து நின்றான்.
அப்போதும் கடன்தான் சொன்னான்.

இதையெல்லாம் சொல்லவில்லை.
கடன் நோட்டைத் திறந்து
அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.
தேதி, உப்பு, தயாளன்.
தேதி, உப்பு, இறால் தீனி, தயாளன்.
விரல் வைத்துப் படித்தார்,
பள்ளிக்கூடப் பையன்போல.

"பாக்கி எவ்ளோ?"
அறுநூத்தி நாப்பது.
கொடுத்தார். அடிக்கப் போன பேனாவை மட்டும்
கையால் தடுத்தார்.
"பேரு இருக்கட்டும்."

பிறகு துண்டை மூடிக்கொண்டே,
"கொடுங்கையூருக்கு எங்க ஏறணும்?
இது எவ்ளோ நேரம் தாங்கும்?"

ஒரு மணி நேரம் என்றேன், பொய்.
பேட்டரி பம்பு ஒன்றை வாளியில் இறக்கினேன்,
பில் போடவில்லை.

கதவைத் திறப்பானா,
திறந்தாலும் என்ன சொல்வான், தெரியாது.
குர்ர்ர் என்று அந்தச் சத்தம்
தெருமுனை டீக்கடை வரை கேட்டது.
அப்புறம் ஒரு லாரி.