கேட் போட்டிருக்கு மேம்

எட்டே முக்காலுக்கு வகுப்பு.
எட்டு ஐம்பதுக்குப் பதினோரு பேர்.
மீதி முப்பது பேர்
கொருக்குப்பேட்டை கேட்டுக்கு அந்தப் பக்கம்
கூட்ஸ் பெட்டிகளை எண்ணிக்கொண்டு நிற்கிறார்கள்.

பலகையில் 'சராசரி' என்றெழுதி
அடிக்கோடும் போட்டாயிற்று.
புத்தகத்தில் யாரோ ஒருவருடைய
கோதுமை விளைச்சல் இருக்கிறது.
கோதுமை வயலை நானும் பார்த்ததில்லை.

மழைக்கு லீவு விட்ட வாரம் இன்னும் மோசம்.
திரையில் நாற்பத்தோரு வட்டங்கள்,
வட்டத்துக்கு ஓர் எழுத்து.
"கேட்குதா?"
கிணறாக இருந்தால் திருப்பியாவது சொல்லும்.
"கேட்குதா?"
ஹெச் என்ற வட்டம்
தெரியாமல் மைக்கைத் திறந்துவிட்டது.
ஐஸ் உடைக்கிற சத்தம்.
"இறால் கூடைய நவுத்துடா, கால்ல படுது!"
சட்டென்று மூடிக்கொண்டது.
அந்த நாலு விநாடிதான்
அன்றைய வகுப்பில் உயிரோடு இருந்தது.

சாரி மேம் என்று எழுதினான் ஹேமநாத்.
எதற்கு?
ஒரு காதில் என்னையும்
மறு காதில் காசிமேட்டையும் மாட்டிக்கொண்டு நின்றிருக்கிறான்.
ஆர்வம் இல்லை என்று
நான் குறித்துவைத்திருந்த பையன்.

திங்கட்கிழமை கோதுமையை மூடிவைத்தேன்.
"கேட்டு எத்தனை நிமிஷம் மூடியிருந்துச்சு,
எழுதிட்டு வாங்க.
லேட்டா வரலாம், நம்பர் இல்லாம வரக்கூடாது."
"மார்க் உண்டா மேம்?" என்றாள் யுவஸ்ரீ.
இல்லை என்றேன்.
பாதிப் பேர் அப்போதே கழன்றுகொண்டார்கள்.

ஒன்பது. பதினேழு. இருபத்திரண்டு.
ஆறு.
தப்ரேஸ் ஆறு என்றதும் பிடித்தது சண்டை.
"இன்னா கத வுடுற, ஆறு நிமிஷத்துல எவன் தொறந்தான்?"
"நான் பாத்தேன்டா."
"நீ எப்ப வந்து நின்ன, அத்தச் சொல்லு மொதல்ல!"
மூன்று வருஷமாகத் தொண்டை வற்றக் கத்தியும்
வராத கேள்வி
பின் பெஞ்சிலிருந்து தானாக எழுந்து வந்தது:
மூடியதிலிருந்து எண்ணினாயா,
நீ வந்ததிலிருந்தா?
சாக்பீஸைக் கீழே வைத்தேன்.
அன்று எனக்கு வேலை இல்லை.

பெருமைக்குச் சொல்லவில்லை.
நான்காம் யூனிட் அப்படியே கிடக்கிறது,
துறைத்தலைவர் இரண்டு முறை கேட்டுவிட்டார்.
மகிமைதாஸ் இன்னும் தூங்குகிறான்.
ராத்திரியெல்லாம் கன்டெய்னர் யார்டில்
டோக்கன் எழுதுகிறவனை எழுப்ப மனசு வரவில்லை.
நாங்கள் சராசரி கண்டுபிடித்ததற்காக
கேட்டும் ஒரு நிமிஷம் முன்னால் திறக்கவில்லை.

நேற்று இரவு பதினொன்றே முக்கால்.
போனில் ஒரு செய்தி,
வணக்கம்கூட இல்லை.
"நாப்பத்தியேழு நிமிஷம் மேம். யார்டுக்குப் போற வழி.
இத்த கணக்குல சேக்கணுமா, தூக்கிப் போட்டுடலாமா?"
மகிமைதாஸ்.

பதில் என் விரல் நுனிவரை வந்துவிட்டது.
அழித்தேன்.
"நீ என்ன நினைக்கிற?" என்று மட்டும் அனுப்பினேன்.

மூன்று புள்ளிகள் துள்ளின.
நின்றன.
மறுபடி துள்ளின.
விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன்,
கேட்டுக்கு இந்தப் பக்கம்.