வரி பாக்கி

கூட்வெய்க் பால் டேங்கர் ஓட்டுகிறவள்.
இன்ஜினை அணைக்காமலே இறங்கி வந்து
மவுசரை என் மேசையில் கிடத்தினாள்.
"நன்றாகத்தான் சுடுகிறது.
இன்னும் நன்றாகச் சுட வேண்டும்.
ஆகஸ்டு இருபது, துருவமான் வேட்டை தொடங்கும்."

இன்னும் நன்றாக:
இந்த இரண்டு சொல்லில்தான்
என் வீட்டு அடுப்பு எரிகிறது.

போர் முடிந்து ஜெர்மானியர் விட்டுப்போன துப்பாக்கி.
கழுகு முத்திரையை யாரோ அரத்தால் ராவியிருந்தார்கள்,
ஒரு இறக்கை மிச்சம்.
அடுத்த பண்ணை ஆஸ்பியோர்ன் செத்த பிறகு
ஏலத்தில் எடுத்தாளாம்,
உடைந்த பனிச்சறுக்குக் கட்டை ஒரு ஜோடி இலவசம்.
வேலித் தகராறில் பன்னிரண்டு வருஷம்
அவனோடு பேசாதவள்.

இரண்டு திருகு.
மரம் ஒரு பக்கம், இரும்பு ஒரு பக்கம்.
கட்டையின் நுனிப் பள்ளத்தில்
எட்டாக மடித்த ஒரு காகிதம்,
எண்ணெய் குடித்துத் தேன் நிறமாய்.
பிரித்தேன்.
நகராட்சி வரி பாக்கி, நினைவூட்டல்,
அறுபத்தெட்டாம் வருஷம், இரண்டாம் தவணை.

சிரித்துவிட்டேன்.
குழல் எதையும் தொடக்கூடாது,
எங்கள் பாடத்தில் அதுதான் முதல் வரி.
வெடிக்கிற கணத்தில் இரும்பு சாட்டைபோல் அதிரும்.
மரமோ மழைக்கு ஊதும், வெயிலுக்கு வற்றும்.
இரண்டையும் ஒட்டவிட்டால்
குண்டு எங்கே போகிறதென்று குண்டுக்கே தெரியாது.

காகிதம் குப்பைக்கூடைக்குப் போனது.

பதினோரு நாள்.
போல்டின் இரண்டு காதுக்கும் நீலச்சாயம் பூசி
மூடித் திறந்து பார்த்தால்
இடது மட்டும் தேய்ந்திருந்தது.
வலது இத்தனை வருஷம் சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்கியிருக்கிறது.
பசையும் பொடியுமாய்த் தேய்த்து
இரண்டையும் சுமை தூக்க வைத்தேன்.
குழல்வாயில் ஒரு வடு, நகத்துக்கு மட்டும் தெரிவது.
சீவிப் புதுசாக்கினேன்.
இரும்புக்கு மெழுகு, மரத்துக்கு எபாக்ஸி,
இறுக்கிக் கட்டிவிட்டு
இரவில் இரண்டு தடவை எழுந்து போய்த் தொட்டுப் பார்த்தேன்.
கடைசியில் குழலுக்கும் கட்டைக்கும் நடுவே
நூறு குரோனர் நோட்டு
தடையில்லாமல் வழுக்கிப் போனது.
கொஞ்சம் கர்வம்கூட.

சரளைக் குழி மைதானம். நூறு மீட்டர்.
கொசு உண்டு, காற்று இல்லை.
ஐந்து சுட்டேன்.
ஒன்றின் முகத்தில் ஒன்று விழிக்காத
பங்காளிகள் மாதிரி ஐந்து துளைகள்.
அறுபத்திரண்டு மில்லிமீட்டர்.
அவள் கொண்டுவந்த அன்று முப்பத்தொன்று.

தோட்டா மாற்றினேன்.
தொலைநோக்கியின் திருகை இறுக்கினேன்.
என் கையையே சந்தேகித்து
என் சொந்தத் துப்பாக்கியால் சுட்டேன்.
கை குற்றமற்றது.

இரவு பத்து மணி, வெளிச்சம் போக மனசில்லாமல் நின்றது.
கூடையைக் கவிழ்த்தேன்.
காப்பிச் சக்கைக்கும் இரும்புத்தூளுக்கும் அடியில்
இரண்டாம் தவணை கிடந்தது.
துடைத்தேன். மடிக்க வேண்டியிருக்கவில்லை,
எட்டு மடிப்பும் அதற்கு மனப்பாடம்.
அதே பள்ளத்தில் வைத்துத் திருகினேன்.

காலையில் பதினான்கு.

போர்க்கால அவசரத்தில் துளைத்த குழல்.
உள்ளே என்ன கோணலென்று அறுத்தால்தான் தெரியும்,
அறுத்தபின் தெரிந்து பயனில்லை.
அதற்கு முனையில் ஒரு தாங்கல் வேண்டும், அவ்வளவுதான்.
ஆஸ்பியோர்ன் நான்காக மடித்துப் பார்த்தானா,
மின்சார பில்லை வைத்துப் பார்த்தானா,
அல்லது அன்றைக்குச் சட்டைப்பையில் இருந்ததே அதுதானா.

கூட்வெய்க் ரசீதை நின்றபடியே படித்தாள்.
போல்ட் காது. குழல்வாய். எபாக்ஸி.
கடைசி வரியில் விரல் நின்றது:
காகிதம் திரும்ப வைத்தது, பூஜ்யம்.
"என்ன காகிதம்?"
சொன்னேன்.
வெளியே டேங்கர் உறுமிக்கொண்டிருந்தது.
புருவம் சுருக்கி யோசித்தவள்
"கட்டினானா?" என்றாள்.