சாகாத அளவு

இறந்ததா இல்லையா என்று அறிய
ஒரு முறை இருக்கிறது.
மெல்லிய தூரிகையால் தொட்டு
மல்லாக்கப் புரட்ட வேண்டும்.
பத்து நொடிக்குள் கவிழ்ந்து எழுந்தால் உயிரோடு இருக்கிறது.
கால்களை உதைத்தும் எழ முடியாததை
எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று
படிவம் சொல்லவில்லை.
ஜூசிமாரா தானே ஒரு கட்டம் போட்டுக்கொண்டாள்,
பென்சிலால்.
தலைப்பு: ஒரு கேள்விக்குறி.

வெளியே மாத்தோ குரோசோவின் ஜனவரி.
சோயா, சோயா, அதற்கப்பால் சோயா.
வானம் தொடங்கும் இடத்திலும்
யாரோ வரிசை பிடித்து விதைத்திருக்கிறார்கள்.
செம்புழுதி படிந்த ஜன்னலுக்கு இந்தப் பக்கம்
நாற்பது பெட்டிகளில்
பழுப்பு நாவாய்ப் பூச்சிகள்.
தோளுக்கு ஒரு முள், முதுகில் வெள்ளையாய்ப் பிறைக்கீற்று.
நாவாய் என்றால் கப்பல்.
இவை காயை விட்டு நகராத கப்பல்கள்,
நங்கூரத்தால் உறிஞ்சுகிறவை.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு.
அதோடு நிறுத்திக்கொண்டோம் நாம்.
அளவுக்குக் குறைந்தால்
நஞ்சு என்னவாகும் என்று
அவள் எண்ணிக்கொண்டிருக்கிறாள்.
நிஜமாகவே எண்ணுகிறாள்:
ஒன்று, இரண்டு, மூன்று.

இவற்றுக்குக் குரல் இல்லை.
வயிற்றை அதிர்த்து
செடியின் தண்டு வழியே அழைக்கும் ஆண்;
இரண்டு கிளை தள்ளி
கால்களால் கேட்கும் பெண்.
ஹெட்போன் மாட்டிய இரவுகளில்
தூரத்து மோட்டார் போல அது அவள் காதுக்குள் வரும்.
மருந்து பட்டவை
முதல் அடியைச் சரியாகத்தான் தொடங்குகின்றன.
இரண்டாம் அடி வருவதற்குள்
பெண் வேறு இலைக்குப் போய்விடுகிறது.
பதினேழாம் எண்
யாருமில்லாத தண்டில்
விடியும்வரை அழைத்துக்கொண்டிருந்தது.
அதையும் குறித்துக்கொண்டாள்: 4.50 மணி, தொடர்கிறது.

ஆனால் கூடியவை
கூடாதவற்றுக்கும் சேர்த்து முட்டையிட்டன.
மருந்தே படாத பெட்டியில் நூற்று நாற்பது.
பட்டுப் பிழைத்த பெட்டியில்
இருநூற்றுப் பதினொன்று.
மூன்று முறை எண்ணினாள்.
நம்பாமல் நேய்வா ஒருமுறை எண்ணினாள்.
இருநூற்றுப் பதினொன்று.

தொப்பியைக் கழற்றாமல் வந்தான் வால்மோர்,
ஆயிரத்து நூறு ஹெக்டேருக்குச் சொந்தக்காரன்,
கையில் குளிர்ந்த தெரெரேக் குவளை.
“எத்தனை செத்துச்சு?”
“நூத்துக்கு முப்பது.”
“அவ்வளவுதானா?”
“முப்பது சாகற அளவுதான் குடுத்தேன்.”
“ஏன், மருந்துக்குப் பஞ்சமா?”
“உங்க வயல் ஓரத்துல அவ்வளவுதான் விழுது.
காத்து கொண்டுபோனது போக,
மழை கழுவினது போக,
இலைக்கு அடியில எட்டாதது போக.”
அவன் பெட்டிக்குள் குனிந்து பார்த்தான்.
மூச்சுக்காற்றில் மூடி பனித்தது.
“அப்போ நான்தான் வளர்க்கிறேன்ங்கிற.”
“ஓரத்துல.”
“ஓரம் இல்லாத வயல் ஏது?”
“காத்து இல்லாத நாள்ல அடிங்க.”
“அது எந்தக் கடையில கிடைக்குது?”
சிரித்தான். அவளும் சிரித்தாள்.
உறிஞ்சுகுழல் காலிக் குவளையில் கரகரத்தது.

மாலை, தாழப் பறந்தது தெளிப்பு விமானம்.
கொடியிலிருந்த துணிகளை
பாதி காய்ந்தபடியே உருவி எடுத்தாள்.
அன்றிரவு மல்லாந்து படுத்திருந்தவள்
ஏதோ நினைத்துக்கொண்டு
சட்டெனப் புரண்டு எழுந்தாள்.
கடிகாரத்தைப் பார்க்கவில்லை
என்று பிற்பாடு நேய்வாவிடம் சொன்னாள்.

ஆய்வின் கடைசி நாளில்
பிழைத்தவற்றை என்ன செய்வது என்பது
படிவத்தில் தெளிவாகவே இருக்கிறது.
உறைபெட்டி, மைனஸ் இருபது, ஒரு இரவு.
நஞ்சுக்குத் தப்பியவை
வரிசையாகக் குப்பிக்குள் இறங்கின.
பதினேழாம் எண்ணும்.

கையுறையைக் கழற்றும்போது பார்த்தாள்:
வெள்ளை அங்கியின் கைமடிப்பில்
பொட்டுப் பொட்டாய் மஞ்சள்,
இரண்டு வரிசை, ஐந்து முட்டை.
எந்தப் பெட்டியிலிருந்து நழுவியது,
எப்போது அங்கே உட்கார்ந்தது, தெரியாது.
தன் கையில் ஊர்ந்ததை
அவள் உணரவே இல்லை.

அங்கியைக் கழற்றாமல்
மறுபடி நாற்காலியை இழுத்துப்போட்டு,
211 ஐ அடித்தாள்.
216 என்று எழுதிவிட்டு
சற்று நேரம் பார்த்திருந்தாள்.
பிறகு அதையும் அடித்துவிட்டு,
அந்த ஐந்தைக்
கேள்விக்குறிக்குக் கீழே எழுதினாள்.