ஆசியா / வன்னி

அக்கராயன் பதிவேட்டின் அட்டையைக் கறையான் தின்றுவிட்டது.
உள்ளே மருத்துவிச்சி இராசமலரின் எழுத்து
நீல மையில் நிமிர்ந்து நிற்கிறது.
கிளிநொச்சிச் சந்தைக்குப் பின்னால், விசிறி சுழலாத அறையில்
நாளுக்கு நூற்றுப் பத்து வரியாக
அதைக் கணினியில் ஏற்றுகிறேன்.

2002, பங்குனி மூன்று. நேரம் 00:10.
ஆண். இரண்டு கிலோ நானூறு.
ஓரத்தில் ஒரு சொல்: அழுதது.
அதற்கு என் அட்டவணையில் நிரல் இல்லை.

செவ்வாய்க்கிழமை தவமலர் வந்தார்.
மகன் அகவழகன் கட்டாருக்குப் போகக் கடவுச்சீட்டு.
அச்செடுத்த தாளை விரலால் தட்டினார்:
"இரண்டாம் திகதி, இரவு பதினொண்டு நாப்பது எண்டு கிடக்கு.
நடுச்சாமம் தாண்டித்தான் பெத்தனான்.
குப்பிவிளக்கில மணிக்கூடு பாத்தனான், பிள்ளை."

பதிவேடு அவர் பக்கம்.
அரை மணித்தியாலம் எங்கே போயிற்று?

தொண்ணூற்றாறு வைகாசியில்
கொழும்பு முள்ளை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது,
ஐப்பசியில் பாதியைத் திருப்பித் தந்தது.
வன்னி இரண்டுக்கும் அசையவில்லை.
ஓமந்தையில் பஸ்ஸால் இறங்கிய சனம்
முதலில் மணிக்கூட்டைத் திருகியது,
பிறகுதான் அடையாள அட்டையை எடுத்தது.
பழைய நேரமோ புதிய நேரமோ என்று
செத்தவீட்டுக்கும் கேட்டுத்தான் போனோம்.

கணினிக்கு இது தெரியாது.
நேரவலயப் பட்டியலை உருட்டிப் பார்த்தேன்.
ஆசியா/கொழும்பு இருந்தது. ஆசியா/காத்மண்டு இருந்தது.
அடியில் வியந்தியான், விளாடிவொஸ்தொக்.
ஆசியா/வன்னி இல்லை.

ஆகவே அது
இராசமலரின் பத்து நிமிடத்தைக் கொழும்பினது என்று நம்பி
ஆறு மணித்தியாலம் கழித்து வைத்துக்கொண்டது.
இன்று கேட்டபோது
ஐந்தரையை மட்டும் கூட்டித் தந்தது.
பிள்ளை நடுச்சாமத்துக்கு இங்காலே விழுந்துவிட்டான்.

திருத்தம் சின்னது.
வலயம் அறியாத வெறும் நேரமாக அந்த நிரலை மாற்றி
பக்கத்தில் இன்னொன்று திறந்தேன்.
பெயர்: எவரின்_நேரம்.
நாலாயிரத்து எழுபது நிரைகளுக்கும் சக ஐந்தரை.
ஒரு கட்டளை, இரண்டு நொடி.
இத்தனை பேர் பிறந்த இரவுகளை
இருந்த இடத்திலேயே திருப்பி வைத்தாயிற்று.

தவமலர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் புதுத்தாளை வாசித்தார்.
தலையாட்டினார்.
பிறகு விரல் கீழே இறங்கியது.
"தகப்பன்ர நிரையில ஒரு திகதி வெறுமையாக் கிடக்கே,
அதுவும் உந்த அரை மணித்தியாலப் பிழையோ?"

வெறுமையிலிருந்து எதைக் கழித்தாலும்
வெறுமைதான் விடையாக வரும், அக்கா.
சொல்லவில்லை.
அச்சுப்பொறி சூடாகிவிட்டது,
கொஞ்சம் இருங்கோ என்றேன்.