ஆறடிக் கட்டில்

நூறு லிட்டர் தொட்டி என்றிருந்தது விளம்பரத்தில்.
அடிவாரத்தில் நாலாவது குடத்துக்கே வழிந்தது.
குடம் பெரிசு என்றேன் மெர்லினிடம்.

பதினான்காம் கொண்டை ஊசியில்
பிரிட்ஜ் பேச்சை நிறுத்திக்கொண்டது.

லேடீஸ் சீட் பக்கம் வண்டியை ஓரங்கட்டி
இரண்டாவது பேட்டரிப் பெட்டியைத் திறந்தால்
ஒரு செங்கல்.
நனையாதிருக்க பாலித்தீன் சுற்றி
ரப்பர் பேண்டும் போட்டிருந்தார்கள்.
அந்த அக்கறையைத்தான் தாங்க முடியவில்லை.

விற்ற அர்த்தநாரியைக் கூப்பிட்டேன்.
"மலை மேல டவர் கெடைக்காதுங்களே சார்"
துல்லியமாகக் கேட்டது.

கீழே மொத்தச் சேலமும் எரிந்துகொண்டிருக்க
உள்ளே நாங்கள்
செல்போன் வெளிச்சத்தில்.

மெர்லின் தையல் டேப்பை எடுத்தாள்.
ஆறடிக் கட்டில்,
ஐந்தடி ஏழங்குலம்.
"படுங்க."
படுத்தேன்.
குதிகால் இந்தப் பலகையில்
உச்சந்தலை அந்தப் பலகையில்
அளவெடுத்துச் செய்த மாதிரி.

தரகர் கொடுத்த பயோடேட்டாவில்
என் உயரம் ஐந்தடி பத்து.

பனி ஜன்னலில் ஏறும்வரை
பேசவேயில்லை அவள்.
பிறகு டேப்பை விரலில் சுற்றியபடி
"திருப்பிக் குடுத்தா வாங்கிக்குவாங்களா?" என்றாள்.

வண்டியைத்தான் கேட்டாள்
என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.